மாற்றாள் வரும்வரை

படகு அணையும் ஜெட்டியில் பன்னிரண்டு ஜப்பான்காரர்கள் மழையில் நின்றார்கள். ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு நீல மழைச்சட்டை. அவர்களுடைய கப்பல் எதிரே உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடந்தது. மழை கனத்ததில் அதன் முன்பக்கம் தெரிந்தது, பின்பக்கம் தெரியவில்லை.

பதினொரு பேர் பஸ் வரும் என்று தெருப் பக்கம் திரும்பி நின்றார்கள். ஒருவர் மட்டும் கப்பலைப் பார்த்தபடி நின்றார். பெயர் ஹிராத்தா. கப்பலின் போசன், அதாவது மாலுமிகளுக்குத் தலைவர். கயிறு, சங்கிலி, ஏணி, பாரம் தூக்கும் வின்ச் எல்லாம் அவர் பொறுப்பு.

அவர் என் பக்கம் திரும்பி, தன் இடத்துக்கு வரும் மாற்றாள் எங்கே என்று ஒரே ஒரு சொல்லில் கேட்டார். “ரிலீவர்?”

வருவார், வருவார் என்று கையைக் காட்டினேன். என் தொழிலில் நான் செய்த ஆகப்பெரிய பிழையைச் செய்து முடித்து அப்போது ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. எனக்கு அது தெரியாது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, ஈரமான கடதாசிகளை எண்ணெய்ச் சீலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஏறிய பிறகுதான் இறங்குவது

ஞாயிறு தோறும் வரும் இந்தப் பத்திரிகைத் தொடரை இன்றைக்குத்தான் முதன்முதல் வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் திருகோணமலையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவன். கப்பல் வந்தால் லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகில் போய், ஏணியில் ஏறி, ஆட்களின் பெயர்ப் பட்டியலை வாங்கி, குடிவரவுக்கும் சுங்கத்துக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. என்னை எழுத்தாளன் என்று யாரும் எண்ண வேண்டாம். பிறத்தியாரின் பெயர்களைத் தட்டச்சு செய்தே வயதுபோனவன்.

கப்பலில் ஆள் மாறுவதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த நாட்டுக் கப்பலானாலும் இதுதான். மாற்றாள் முதலில் ஏணியில் ஏற வேண்டும். பழையவர் அவரைக் கூட்டிக்கொண்டு கப்பலைச் சுற்றுவார். எந்தக் கதவு இறுகும், எந்தக் குழாய் ஒழுகும், எதைத் தட்டிக் கொடுத்தால் வேலை செய்யும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். இவை எந்தப் புத்தகத்திலும் இருக்காது. காட்டி முடித்த பிறகுதான் பழையவர் தன் பெட்டியைத் தூக்குவார். தாய் செத்துப்போன தந்தி கையில் இருக்க, மாற்றாள் வரும்வரை நாலு நாள் இயந்திர அறையில் நின்று வேலை செய்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சாப்பிட மட்டும் மேலே வருவார்.

மாற்றாள் இல்லாமல் இறங்குகிறவனைக் கடற்காரர் ஆளாக மதிப்பதில்லை. அவனை இறக்குகிறவனை என்ன சொல்வார்கள் என்று கேட்காதீர்கள்.

கறுப்பு மணல், வெள்ளைப் பூச்சு

அந்தக் கப்பல் எங்களுக்கு உறவுக்காரர் மாதிரி. வருடத்தில் மூன்று நாலு தரம் வந்து புல்மோட்டைக் கறுப்பு மணலை ஏற்றிக்கொண்டு போகும். அந்த மணலில் இருந்துதான் வெள்ளைப் பூச்சு செய்கிறார்கள் என்று கப்டன் சொன்னபோது என்னைப் பேக்காட்டுகிறார் என்றே நினைத்தேன். பிறகுதான் உண்மை என்று தெரிந்தது. இங்கே காலில் ஒட்டினால் தட்டிவிடுகிற மணல் அங்கே போய் வெள்ளையாகி, தகரத்துக்குள் அடைபட்டு, எங்கள் கடைத்தெருவுக்கே விற்பனைக்கு வந்தது. எங்கள் வீட்டு முன்சுவருக்கும் அதைத்தான் அடித்தோம்.

முதல் தடவை நான் ஏறியபோது கப்பல் முழுக்க ஜப்பான். அவர்கள் கட்டிய கப்பல், அவர்கள் கொடி, அவர்கள் ஆட்கள். குசினியில் கருவாடு அவிகிற வாசம் எங்கள் வாசத்துக்குக் கிட்ட வரும், ஆனால் அது இல்லை. பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்ய எனக்கு அரை நாள் எடுக்கும். பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றிப் போட்டு குடிவரவு அதிகாரியிடம் பேச்சு வாங்குவேன்.

ஹிராத்தாவுக்கும் எங்கள் லோஞ்ச் ஓட்டி ஹனீபா நானாவுக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனாலும் கப்பல் வந்து போகும் வரை இரண்டு பேரும் விடாமல் கதைப்பார்கள். ஹனீபா நானா கிண்ணியாவில் இருந்து செவ்விளநீர்க் குலை கொண்டு வருவார். ஹிராத்தா பழைய கயிற்றில் நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுப்பார். அந்தக் கயிறு எத்தனை வருடம் போனாலும் அறாது என்று நானா ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பிறகு கொடி மாறியது. கப்பலின் பின்பக்கத்தில் தூரத்து நாடு ஒன்றின் பெயரைப் பூசியிருந்தார்கள். அந்த நாட்டைக் கப்பலில் ஒருவரும் கண்டதில்லை.

கப்டன் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு விளக்கினார். அவர்களுடைய காசு, யென், விலை ஏறிக்கொண்டு போகிறது. நாடு நன்றாக இருப்பதால்தான் ஏறுகிறது. உலகம் முழுவதும் அவர்களுடைய காரையும் வானொலியையும் வாங்குகிறது. ஆனால் காசின் விலை ஏறினால் அந்தக் காசில் சம்பளம் வாங்குகிறவனும் விலை ஏறிப்போகிறான். ஹிராத்தாவைப் போன்றவர்களை வைத்துக் கப்பல் ஓட்டினால் கம்பனிக்குக் கட்டாது. கொடியை மாற்றினால் வேறு நாட்டு ஆட்களை வைக்கலாம். அதிகாரிகள் மட்டும் ஜப்பான்காரராக இருந்தால் போதும்.

நாடு வென்றுகொண்டிருக்க அந்த நாட்டு மாலுமி எப்படித் தோற்கலாம் என்று கேட்டேன். கப்டன் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

ஹிராத்தாவின் தமையன் கப்பல் கட்டும் தளத்தில் ஒட்டு வேலை செய்தவர். அந்தத் தளமும் மூடப்படப் போகிறது என்று கையாலேயே எங்களுக்குச் சொன்னார். இரும்பை ஒட்டுகிற மாதிரிக் காட்டினார், கொரியா இருக்கும் திசையைக் காட்டினார், பிறகு இரண்டு கைகளையும் விரித்தார்.

கெட்டிக்காரன் செய்த வேலை

ஆட்களை மாற்றுவதற்கு எங்கள் துறைமுகத்தைத்தான் தெரிந்தெடுத்தார்கள். ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் கிடைத்த அமைதிக் காலம் அது. பன்னிரண்டு பிலிப்பைன்ஸ்காரர் கொழும்பில் இருந்து பஸ்ஸில் வர வேண்டும். அதே பஸ்ஸில் பன்னிரண்டு ஜப்பான்காரர் விமான நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். பொழுதுபட முன்னம் பாதையை மூடிவிடுவார்கள். பஸ்ஸோ கந்தளாய்ப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் மாட்டுப்பட்டு நின்றது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பஸ் வருவதற்கு முன்பே பழையவர்களை இறக்கி, முத்திரைகளைக் குத்தி, ஜெட்டியில் தயாராக வைத்திருந்தால் இரண்டு மணித்தியாலம் மிச்சம்.

ஹனீபா நானா லோஞ்சின் சுக்கானைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஏறாம இறக்கிறீங்க. இது சரியில்ல.”

“பாதை பூட்டினா நீங்களா நானா இவங்களைக் கொண்டுபோய் விடுறது?” என்று கேட்டேன். அவர் லோஞ்சைக் கப்பலின் பக்கம் திருப்பினார்.

பஸ் வந்து நின்றதும் ஹிராத்தா ஓடிப்போய்த் தன் மாற்றாளைத் தேடிப் பிடித்தார். டானிலோ என்று ஒரு இளம் ஆள். அவரைக் கையில் பிடித்துக் கூரைச் சாய்ப்புக்குள் இழுத்துப்போய், கப்பலைக் காட்டத் தொடங்கினார். கப்பல்தான் அங்கே இல்லையே. தன் உடம்பையே கப்பலாக்கினார். தோளைத் தட்டி முன் நங்கூரம் என்றார். இடுப்பைத் தொட்டு மணல் கிடங்கு என்றார். கையைச் சுழற்றி வின்ச் ஆக்கி, காலால் அதன் பிறேக்கை மிதித்தார். டானிலோ ஒரு சின்னக் கொப்பியை நெஞ்சோடு அணைத்து நனையாமல் எழுதினார்.

பஸ் சாரதி ஹோனை அமத்தியபடியே இருந்தான். ஹிராத்தா மூன்று விரல்களைத் தூக்கி “நம்பர் த்ரீ” என்று தொடங்கினார். நான் போய் அவருடைய மழைச்சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். பஸ், பஸ் என்றேன்.

அவர் டானிலோவைப் பார்த்துக் குனிந்தார். பிறகு என்னைப் பார்த்தும் குனிந்தார். ஏறிவிட்டார்.

பஸ் திரும்பும்போது கண்ணாடிக்குள் அவர் மூன்று விரல்களைக் காட்டிக்கொண்டே இருந்தார். பிரியாவிடைக்கு அவர்கள் ஊரில் இப்படிச் செய்வார்கள் போலும் என்று நினைத்து நானும் மூன்று விரல்களைத் தூக்கி ஆட்டினேன்.

மூன்றாம் நம்பர் வின்ச்

மணல் ஏற்றி முடியும் தறுவாயில் மூன்றாம் நம்பர் வின்ச்சின் பிறேக் வழுக்கியது. டானிலோவின் வலது கை கம்பிக்கும் உருளைக்கும் நடுவில் அகப்பட்டது.

ஹனீபா நானா லோஞ்சை அவ்வளவு வேகமாக விட்டதை நான் வேறு எப்போதும் கண்டதில்லை. நான் டானிலோவின் தலையை மடியில் வைத்திருந்தேன். அண்டைக்கே சொன்னேனே என்று நானா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கையை வைத்தியர்கள் காப்பாற்றினார்கள், பிடி திரும்பவில்லை. டானிலோவை ஊருக்கு அனுப்பினோம். நான்தான் அவருடைய பெயரைப் பட்டியலில் இருந்து வெட்டித் தட்டச்சு செய்தேன். அதன் பிறகு இந்தத் தொழிலில் என்னை எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மாற்றாள் ஏறாமல் ஒருவரையும் நான் இறக்கியதில்லை. அதற்காக எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

ஹிராத்தாவைப் பிறகு காணக் கிடைக்கவில்லை. அவரை ஒரு தரம் காண வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் போகவில்லை. கண்டால் என்ன சொல்வேன் என்று தெரியாது. சொல்ல மொழியும் இல்லை. எதிரே இருந்து ஒரு இளநீர் குடித்தால் போதும்.

அந்தக் கப்பலை உடைக்க விற்றார்கள். அடுத்தது கொரியாவில் கட்டியது, அதற்கடுத்தது சீனாவில். ஒரு நாள் பட்டியலைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டுப் பார்க்கிறேன், ஒரு ஜப்பான் பெயரும் இல்லை. கம்பனியின் பெயர் மட்டும் மேலே இருந்தது. பிறகு மணலும் வேறு நாடுகளுக்குப் போகத் தொடங்கியது.

பிள்ளை போன இடம்

எண்ணெய்க்கும் சமையல் காஸுக்கும் நாங்கள் வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அந்த வருடம்தான் எங்கள் ஒரே மகள் நிரோஜா ஜப்பான் மொழி வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். முதியோரைப் பராமரிக்க ஆள் எடுக்கிறார்கள் என்றாள். நான் சிரித்தேன். ஆட்களைக் கப்பலில் இருந்து இறக்கிவிட்ட நாட்டுக்கு ஆள் தேவையா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

இப்போது அங்கே ஒரு சின்னத் துறைமுக ஊரில் இருக்கிறாள். முன்பு அந்த ஊரில் ஒரு பூச்சுத் தொழிற்சாலை இருந்ததாம். தொழிற்சாலை தாய்லாந்துக்குப் போய்விட்டது. இளம் ஆட்கள் பெரிய நகரங்களுக்குப் போய்விட்டார்கள். பாடசாலையை மூடிவிட்டு அதே கட்டடத்தைத்தான் முதியோர் இல்லம் ஆக்கியிருக்கிறார்கள். கை கழுவும் தொட்டிகள் இன்னும் சின்னப் பிள்ளைகளின் உயரத்தில் இருக்கின்றன என்று படம் எடுத்து அனுப்பினாள்.

அவள் பார்க்கும் ஒரு கிழவர் அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அவருடைய மகன் தொழிற்சாலையோடு தாய்லாந்துக்குப் போய் அங்கே மேலாளராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனோடு கதைக்கக் கூப்பிடுவார். கிழவரால் கைபேசியைப் பிடிக்க ஏலாது, என் மகள்தான் பிடித்துக்கொண்டிருப்பாள். மகன் ஒரு நாட்டில், தகப்பன் ஒரு நாட்டில், நடுவில் திருகோணமலைப் பிள்ளை ஒன்று கை நோக நிற்கிறது. அது முடிந்த பிறகுதான் எங்களுக்குக் கூப்பிடுவாள். நானும் என் மனைவியும் ஒரே கதிரையில் நெருக்கியடித்துக்கொண்டு அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் பார்ப்போம்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு என் பிள்ளையை இங்கே வேண்டும். அவள் சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போவதை நான் பேசாமல் கழுவ வேண்டும். பின்னேரங்களில் உள்துறைமுக வீதியில் நடந்துபோய்க் கப்பல்களைப் பார்க்கிறேன். முன்பு கொடியைப் பார்ப்பேன். இப்போது எந்தக் கப்பலானாலும், இது அந்தப் பக்கம் போகிறதோ என்றுதான் பார்க்கிறேன்.

மகளுடைய வேலை ஒப்பந்தம் இந்தச் சித்திரையோடு முடிகிறது. வருஷப் பிறப்புக்கு வீட்டில் நிற்பேன் என்று சொல்லியிருந்தாள். என் மனைவி தவமணி அறைக்குப் பூச்சு அடித்து, புதுத் திரைச்சீலை போட்டு, நிலாவெளியில் ஒரு மாப்பிள்ளை வீட்டாரோடும் மெல்லக் கதைத்து வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம்

தவமணி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அழைப்பு வந்தது. அம்மா இல்லாத நேரம் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள் என்று அவள் முகத்தைக் கண்டதும் விளங்கியது.

அவளுடைய இடத்துக்கு வேறொரு நாட்டில் இருந்து இரண்டு பிள்ளைகள் வருவதாக இருந்ததாம். இப்போது வரவில்லை. யென் விழுந்துவிட்டது. அதே வேலைக்கு வேறு நாடுகள் கூடக் கொடுக்கின்றன, அங்கே போய்விட்டார்கள். யென் ஏறியபோது ஹிராத்தாவின் வேலை போனதை நான் கண்டேன். விழுந்தபோது அவர் வயதுக்காரரைப் பராமரிக்க ஆள் வராமல் போனதையும் கண்டுவிட்டேன்.

“உன்னை விடமாட்டினமாமோ?” என்று கேட்டேன்.

“இல்லை அப்பா. ஒருத்தரும் மறிக்கேல்லை. கடதாசி எல்லாம் ரெடி. போகலாம் எண்டுதான் சொல்லினம்.”

பிறகு அவள் தன் மாடியில் இருக்கும் பதினொரு பேரையும் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஒருவரை இடது பக்கத்தால் பிடித்துத் தூக்கினால் பயந்து கத்துவார். ஒரு அம்மா குளிசையை நாக்குக்குக் கீழே ஒளித்துவைப்பா. இன்னொருவருக்குத் தண்ணீரைக் கூழ் மாதிரித் தடிப்பாக்கிக் கொடுக்காவிட்டால் புரைக்கேறும். இதெல்லாம் ஒரு இடத்திலும் எழுதிக் கிடக்கவில்லை. அவள் போனால் மிஞ்சுவது ஒரே ஒரு பிள்ளை, அதுவும் வந்து ஒரு மாதம்தான்.

“நான் என்ன செய்ய அப்பா? நீங்கள் வா எண்டா வாறன்.”

வா என்று சொல்ல எனக்கு ஒரு எழுத்துத்தான் தேவை. வாய்க்குள் வைத்துக்கொண்டே இருந்தேன்.

அதைச் சொல்வதற்குப் பதிலாக ஹிராத்தாவின் கதையைச் சொன்னேன். இவ்வளவு காலமும் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாத கதை. மழை, பஸ், நான் இழுத்த மழைச்சட்டை, மூன்று விரல், டானிலோவின் கை எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஆள் வரட்டும் பிள்ளை. வந்து, எல்லாத்தையும் காட்டிக் குடுத்திட்டு வா.”

“ஆள் வராட்டி?”

எனக்குக் கேட்கவில்லை என்பதுபோல் கைபேசியைத் தட்டினேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. ஆள் இப்போதைக்கு வராது என்று எனக்கு விளங்கியது அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். சரி அப்பா என்றாள். அவளுடைய கண்ணாடி ஜன்னலில் அங்கே இருட்டத் தொடங்கியிருந்தது, இங்கே எங்கள் முற்றத்தில் இன்னும் நல்ல வெயில்.

தவமணி திருநீறும் பூவுமாக வந்தாள். சித்திரைக்குப் பிள்ளை வரவில்லை, அங்கே விடுகிறார்கள் இல்லை என்று சொன்னேன். பொய் சொன்னது எனக்கே பிறகுதான் உறைத்தது. அவள் பூத்தட்டை மேசையில் வைத்தாள்.

“அந்தச் சனத்துக்கு நெஞ்சு எண்டு ஒண்டு இல்லையோ? மற்றவையின்ர பிள்ளையை இப்பிடிப் பிடிச்சு வச்சிருக்கினம்.”

அன்றில் இருந்து எங்கள் வீட்டில் ஜப்பானுக்கு மதிப்பில்லை. செய்தியில் அந்த நாட்டைக் காட்டினால் தொலைக்காட்சியை நிற்பாட்டுகிறாள். குசினியில் ஜப்பான் பெயர் போட்ட மின்சாரச் சோற்றுப்பானை ஒன்று இருக்கிறது, அதற்கும் ஏச்சு. அது தாய்லாந்தில் செய்தது, அடியில் எழுதியிருக்கிறது, அதோடு ஏன் கோபம் என்று சொல்லிப் பார்த்தேன். பானையை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அடுப்பில் சோறு வைக்கிறாள். நான் அதைச் சாப்பிடுகிறேன்.

புதுத் திரைச்சீலையை அவள் இன்னும் கழற்றவில்லை. காலையில் அறையைத் திறந்துவிட்டுப் பின்னேரம் சாத்துகிறாள். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்து, முகத்தைப் பார்த்ததும் விட்டுவிடுகிறேன். எழுதுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

தவமணி, ஞாயிறு காலை இந்தப் பத்திரிகை வரும். நீ கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலில் என் பக்கத்தைத்தான் புரட்டுவாய். அந்தச் சனத்தை இனி ஏசாதே. அவர்கள் பிள்ளையை மறிக்கவில்லை. வரட்டுமா என்று அவள் என்னைத்தான் கேட்டாள். நான்தான் நிற்கச் சொன்னேன்.